பூட்டைக் கழற்றிய பிரிண்ட்கே: லினக்ஸ் கெர்னலின் பதிவுப் பகுதி, 5.4 முதல் 6.12 வரை

லினக்ஸ் இயங்குதளத்தின் மையக் கருவான கெர்னலின் எந்த மூலையிலிருந்தும், எந்த நிலையிலும் அழைக்கலாம் என்ற உறுதியுடன் வழங்கப்படும், செய்திகளைப் பதிவு செய்து அச்சிடும் செயற்கூறு பிரிண்ட்கே. சாதனங்களை இயக்கும் டிரைவர் நிரலை எழுதுபவர், நினைவக மேலாண்மையைத் தொடுபவர், பிணைய அடுக்கில் வேலை செய்பவர் என எல்லோரும் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று யோசிக்காமலே அதைப் பயன்படுத்துகிறார்கள். அந்த உறுதி நெடுங்காலம் முழுமையாகக் காக்கப்படவில்லை என்பதையும், 2020க்குப் பின் வந்த வெளியீடுகளில் அது எந்த அளவுக்குக் காக்கப்படுகிறது என்பதையும், பயன்படுத்துபவன் என்ற முறையில் இங்கே மதிப்பிட விரும்புகிறேன். தமிழில் எழுதும்போது ‘லாக்’ என்ற ஒரே எழுத்துக்கோவை பூட்டையும் பதிவையும் குறித்துவிடுவதால், இந்த மதிப்புரை முழுவதும் பூட்டு, பதிவு என்றே எழுதுகிறேன்.

என் வேலை தொழிற்சாலைகளில் வைக்கப்படும் சிறு கணினிகளுக்கும் ஆர்ம் போர்டுகளுக்கும் கெர்னலைத் தயார் செய்வது. திரையோ விசைப்பலகையோ இல்லாத அந்தப் பெட்டிகள் நின்றுபோனால், ஏன் நின்றன என்று சொல்லச் சீரியல் கேபிளில் வரும் கடைசிச் சில வரிகளைத் தவிர வேறு சாட்சி கிடையாது. ஆகவே பதிவுப் பகுதி எனக்குத் துணைக் கருவி அன்று; நான் விற்கும் பொருளின் ஒரு பாகம். நீண்டகால ஆதரவுடன் வெளியான 5.4, 5.10, 5.15, 6.12 ஆகிய நான்கு கெர்னல் வரிசைகளையும் உண்மையான பெட்டிகளில் ஓட்டியும், நான்கிலும் பதிவுப் பகுதியின் மூல நிரலைப் பக்கத்தில் வைத்துப் படித்தும் இதை எழுதுகிறேன்.

முதலில் 5.4. இந்த வரிசையில் ஒரு செய்தி இரண்டு பூட்டுகளைக் கடந்தே வெளியே வரும். செய்தியை நினைவகத்திலுள்ள பதிவு பஃபர் என்ற தற்காலிகக் கிடங்கில் வைக்க ஒரு சுழல் பூட்டும் (கிடைக்கும்வரை செயலி, அதாவது சிபியு, சுற்றிக்கொண்டே காத்திருக்கும் பூட்டு), அங்கிருந்து எடுத்துச் சீரியல் முதலிய கன்சோல்களில், அதாவது செய்தி வெளிவரும் வாயில்களில், அச்சிட ஒரு செமஃபோரும் (காத்திருப்பவரை உறங்கவைக்கும் பூட்டு) உண்டு. இரண்டாவதற்கு அடித்தளமிட்டது 2001இல் கெர்னல் நிரலாளர் ஆண்ட்ரூ மார்ட்டன் செய்த மாற்றம். பஃபரில் எழுதுவதையும் கன்சோலில் அச்சிடுவதையும் பிரித்தது அந்தக் காலத்தில் பெரிய முன்னேற்றம். செமஃபோர் வேறொருவர் கையில் இருந்தால், செய்தியைப் பஃபரில் போட்டுவிட்டு அழைத்தவர் தம் வழியே போய்விடலாம், கையில் வைத்திருப்பவர் அதையும் சேர்த்து அச்சிட்டுவிடுவார். ஏற்பாடு நன்றாகவே இருந்தது. ஆனால் பூட்டு என்று ஒன்று இருக்கும்வரை, அதைக் கையில் வைத்திருக்கும் வேளையிலேயே மீண்டும் பிரிண்ட்கேக்குள் நுழைய நேரும் சூழல்களும் இருந்தே தீரும்.

அவற்றுள் ஒன்றை அருகிலிருந்து பார்ப்போம். எந்தச் செயல் எப்போது ஓடுவது என்று முடிவு செய்யும் ஷெட்யூலர், ஒரு செயலியின் ஓட்ட வரிசைக்குரிய பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஏதோ பிழையைக் கண்டு பிரிண்ட்கேயை அழைக்கிறது என்று கொள்வோம். செய்தி பஃபரில் விழுகிறது, கன்சோல் செமஃபோரும் கிடைக்கிறது, அச்சும் முடிகிறது. இப்போது செமஃபோரை விடுவிக்க வேண்டும். அதற்காகக் காத்திருக்கும் செயல் ஒன்று வரிசையில் இருந்தால், விடுவிக்கும் நிரல் அதை எழுப்ப முயலும். எழுப்புவதற்கு ஓட்ட வரிசையின் பூட்டு தேவை. அந்தப் பூட்டோ முதலிலேயே நம் கையில் இருக்கிறது. அந்தச் செயலி அங்கேயே நின்றுவிடும். பிழையைச் சொல்ல வந்த வரியே கணினியை நிறுத்திவிடும் இந்த நிலையைத் தவிர்க்கத்தான் ஷெட்யூலரிலும் நேரக் கணக்குப் பகுதியிலும் தள்ளிப்போடும் பிரிண்ட்கே என்று தனி வடிவம் ஒன்று வைக்கப்பட்டது. அது பஃபரில் மட்டும் எழுதி, அச்சிடுவதைப் பின்னர் வரும் ஓர் இன்டரப்டிடம் (ஓடும் நிரலை இடைமறிக்கும் குறிப்பிடம்) விட்டுவிடும். இதன் பொருள், எந்த இடத்தில் எந்த வடிவத்தை அழைப்பது என்ற பொறுப்பு அழைப்பவர் தலையில் ஏறியது என்பதே. எங்கிருந்து வேண்டுமானாலும் அழைக்கலாம் என்ற வாக்கு அங்கேயே முறிந்துவிட்டது.

இதைவிடக் கடினமானது என்எம்ஐ எனப்படும் மறைக்க முடியாத இன்டரப்ட். பஃபர் பூட்டைப் பிடித்திருக்கும் நிரலையே இடைமறித்து என்எம்ஐ நுழைந்து, அங்கிருந்து பிரிண்ட்கே அழைக்கப்பட்டால், எப்போதும் கிடைக்காத பூட்டுக்காக அந்தச் செயலி சுழன்றுகொண்டே இருக்கும். 2016இல் 4.7 வெளியீட்டில் பீட்டர் ம்லாடெக், செயலிக்கு ஒன்றாக என்எம்ஐ பஃபர்களைக் கொண்டுவந்தார். 2017இல் 4.11 வெளியீட்டில் செர்ஜி செனோஷாட்ஸ்கி அதை விரித்து, பிரிண்ட்கேக்குள்ளிருந்தே மீண்டும் பிரிண்ட்கே அழைக்கப்படும் நிலைக்கும் அதே வழியை அமைத்தார். ஆபத்தான நிலையில் எழுதப்படும் செய்திகள் இந்தச் சிறு பஃபர்களில் தங்கி, பின்னர் முதன்மைப் பஃபருக்கு மாற்றப்படும். இயல்பமைப்பில் ஒவ்வொன்றும் 8 கிலோபைட், செயலிக்கு இரண்டு. 64 செயலிகள் கொண்ட சர்வரில் இதற்கு மட்டும் 1 மெகாபைட். கெட்டிக்காரத்தனமான ஒட்டு வேலை என்பதில் ஐயமில்லை. பல கணினிகளை அது காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் செய்தி எழுந்த நேரம் அதில் பதியப்படுவதில்லை, முதன்மைப் பஃபருக்கு மாற்றப்பட்ட நேரமே பதியப்படுகிறது.

இந்தக் குறை எங்களுக்கு இரண்டு நாள் உழைப்பைச் சாப்பிட்டது. வாடிக்கையாளர் ஒருவரின் இடத்தில், 5.4 ஓடிய நான்கு செயலிக் கணினி ஒன்று சில நொடிகள் உறைந்து மீண்டும் நகர்ந்தது. பதிவில் முதலில் வட்டு டிரைவரின் நேர முடிவுப் பிழைகள் வரிசையாக இருந்தன. அவற்றுக்குப் பின்னால், பிந்திய நேர முத்திரையுடன், இரண்டாவது செயலி முடங்கிவிட்டதாக, முடக்கத்தைக் கண்காணிக்கும் வாட்ச்டாக் சொன்ன செய்தி இருந்தது. வட்டுதான் காரணம், செயலி முடங்கியது விளைவு என்று எண்ணி நாங்கள் வட்டு டிரைவரைக் குடைந்தோம். நடந்தது நேர்மாறு. செயலி இன்டரப்டுகளை அடைத்துக்கொண்டு முடங்கியதே முதல் நிகழ்வு. அதைக் கண்ட வாட்ச்டாக்கின் செய்தி என்எம்ஐ பஃபரில் தங்கிக் கிடந்தது. அந்தச் செயலி இன்டரப்டுகளைத் திறந்த பிறகே அது முதன்மைப் பஃபருக்கு வந்தது. வந்த நேரமே அதன் நேரமாகப் பொறிக்கப்பட்டது. காரணத்தை விளைவுக்குப் பின்னால் அச்சிடும் பதிவை வைத்துக்கொண்டு பிழை தேடுவது, பின்னிருந்து முன்னாகத் தேதியிட்ட நாட்குறிப்பைப் படிப்பது போன்றது.

2020 டிசம்பரில் வந்த 5.10 வெளியீட்டில் ஜான் ஓக்னஸ் எழுதிய பூட்டற்ற வளையப் பஃபர் சேர்ந்தது. அவர் முதல் வரைவை முன்வைத்தது 2019 தொடக்கத்தில். அதே ஆண்டு லிஸ்பனில் நடந்த லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாட்டில் இதில் தொடர்புடையவர்கள் நேரில் கூடி வழியை முடிவு செய்தார்கள். ஆனால் 5.10இல் வளையம் மட்டுமே புதிது. அதைச் சுற்றிப் பழைய சுழல் பூட்டு அப்படியே இருந்தது. ஓடும் வண்டியில் சக்கரம் மாற்றுவது போன்ற வேலை என்பதால், முதலில் புதிய அமைப்பைப் பழைய காப்புக்குள் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு வெளியீடு வெளியீடாகக் காப்பைக் கழற்றிய இந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். 5.11இல் எழுதுபவர் பக்கம் பூட்டு நீங்கியது, 5.13இல் பூட்டே மறைந்தது, 5.15இல் செயலிக்குச் செயலி வைத்திருந்த சிறு பஃபர்களும் நீக்கப்பட்டன.

வளையம் வேலை செய்யும் விதம் அழகானது. உள்ளே இரண்டு வளையங்கள் உள்ளன: ஒன்றில் செய்திகளின் எழுத்துகள், மற்றொன்றில் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு விவரக்குறிப்பு. எழுத வருபவர் முதலில் இடம் ஒதுக்கிக்கொள்கிறார். அந்த ஒதுக்கீடு, பழைய மதிப்பை ஒப்பிட்டு, மாறாமல் இருந்தால் மட்டும் புதியதை வைக்கும் அட்டாமிக் (இடையில் பிறர் புக முடியாத) கட்டளையால் நடக்கிறது. அதே நொடியில் வேறு செயலி அந்த இடத்தைப் பிடித்துவிட்டால், காத்திருக்காமல் அடுத்த இடத்துக்கு முயல்கிறார். கிடைத்த இடம் அவருக்கே உரியது என்பதால் எழுத்துகளை நிதானமாக நிரப்பலாம். நிரப்பும்போது என்எம்ஐ குறுக்கிட்டால், அது தனக்கென்று அடுத்த இடத்தை ஒதுக்கி எழுதிவிட்டுப் போய்விடும். ஒதுக்கப்பட்டது, எழுதி ஒப்படைக்கப்பட்டது, இறுதியாக்கப்பட்டது, மறுபயன்பாட்டுக்குரியது என்ற நிலைகளில் எதில் அந்தக் குறிப்பு இருக்கிறது என்பது, அதன் அடையாள எண்ணுடன் ஒரே சொல்லில், மேல் இரண்டு பிட்டுகளில் அடங்கியிருக்கிறது. படிப்பவர் ஒரு செய்தியை நகலெடுத்த பின் அந்தச் சொல்லை மீண்டும் பார்க்கிறார். அடையாளமும் நிலையும் மாறாதிருந்தால் நகல் செல்லும், மாறியிருந்தால் செய்தி நடுவில் அழிக்கப்பட்டது என்று தள்ளிவிடுகிறார். எழுதுபவர் யாரும் படிப்பவருக்காக நிற்க வேண்டியதில்லை. ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்ற நம் பழமொழியை, படிப்பவர் பக்க நிரல் ஒவ்வொரு வரிக்கும் கடைப்பிடிக்கிறது என்றே சொல்லலாம்.

5.15இன் மூல நிரலைத் திறந்தவுடன் எனக்கு முதலில் பட்டது, இல்லாமல்போனவை. எந்தச் சூழலில் எந்தப் பஃபருக்கு எழுதுவது என்று பிரித்தனுப்பிய அடுக்கு ஏறக்குறைய வெறுமையாகிவிட்டது. கெர்னல் வீழும் கட்டத்தில் பூட்டுகளை வலுக்கட்டாயமாகப் புதிதாக்கும் நிரலும் பஃபர் பக்கத்தில் தேவையற்றுப்போனது. மிகப் பழைய வெளியீடுகளில் ஊப்ஸ் எனப்படும் கடும் கெர்னல் பிழை வேளையில் இரண்டு பூட்டுகளையும் தூக்கி எறிந்து புதிதாகத் தொடங்கும் செயற்கூறு ஒன்று இருந்தது. 30 நொடிக்கு ஒருமுறைக்கு மேல் அதைச் செய்யக் கூடாது என்ற நிபந்தனையும் அதிலேயே எழுதப்பட்டிருந்தது. அந்த 30 என்ற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் உறுத்தும்; சரியான விடை இல்லாத இடத்தில் வைக்கப்பட்ட எண் அது. பிரிண்ட்கேக்குள் பிரிண்ட்கே சுழல்வதைத் தடுக்க, இப்போது செயலிக்கும் சூழலுக்கும் ஓர் எண்ணி வைத்து, மூன்று அடுக்குக்கு மேல் போகாமல் நிறுத்திவிடுகிறார்கள். படித்தவுடன் புரியும் நிரல்.

பூட்டு அடியோடு ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பயனர் பக்கத்திலிருந்து பதிவைப் படிக்கும் சிஸ்லாக் அழைப்புக்கு மியூட்டெக்ஸ் என்ற வகைப் பூட்டு ஒன்று உண்டு; அது படிப்பவர்களுக்கிடையே மட்டும் என்பதால் யாருக்கும் தொல்லையில்லை. பல செயலிகள் ஒரே வேளையில் தம் அழைப்பு அடுக்குகளை (எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற பட்டியலை) கொட்டும்போது வரிகள் பின்னிக்கொள்ளாதிருக்க, ஒரே செயலி மீண்டும் நுழையக்கூடிய ஓர் ஒழுங்குபடுத்தும் பூட்டும் தொடர்கிறது. எங்கே எதற்கு என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடிய பூட்டுகள் இவை. நேர முத்திரையைப் பொறுத்தவரை, மேலே சொன்ன முடக்கத்தை ஒரு சோதனை மாட்யூலால் வேண்டுமென்றே உண்டாக்கி 5.15இல் ஓட்டிப் பார்த்தேன். வாட்ச்டாக்கின் செய்தி, பிற செயலிகளின் புகார்களுக்கு முன்னால், அது எழுந்த நேரத்துடனேயே நின்றது. எனக்கு இந்த ஒன்று போதும், 5.4இலிருந்து நகர.

குறைகளும் உண்டு. முதலாவது நினைவகம். இயல்பமைப்பில் பதிவு எழுத்துகளுக்கு 128 கிலோபைட் என்பது பழைய கணக்கு. புதிய வளையம் ஒரு செய்தி சராசரியாக 32 பைட் என்று கொண்டு 4096 விவரக்குறிப்புகளை வைத்துக்கொள்கிறது. 64 பிட் கணினியில் குறிப்புக்கு 24 பைட், அதனுடன் வரிசை எண், நேரம், சாதனப் பெயர் முதலியவற்றுக்கு 88 பைட். இவற்றுக்கு மட்டும் மொத்தம் 448 கிலோபைட். அண்மைய வெளியீடுகள் துவங்கும்போது இந்தக் கணக்கைத் தாமே ஒரு வரியில் அச்சிடுகின்றன, அது நல்ல பழக்கம். சர்வருக்கு இது ஒன்றுமில்லை. 32 மெகாபைட் நினைவகத்தில் முழு அமைப்பையும் ஓட்டும் போர்டுகளுக்கு, கூடுதலாகப் போகும் ஒவ்வொரு நூறு கிலோபைட்டும் கண்ணில் படும். அத்தகைய இடங்களில் நான் பதிவு பஃபரின் அளவைப் பாதியாக்கிவிடுகிறேன். இரண்டாவது, வளையத்தின் நிரலே. நினைவகத்தை அணுகும் வரிசையைக் காக்கும் மெமரி பேரியர்கள் எதனுடன் எது இணை என்று பெயரிட்டு ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். நான் படித்த கெர்னல் நிரல்களில் இவ்வளவு பொறுப்பான குறிப்புரை அரிது. அப்படியிருந்தும், அந்தக் கோப்பில் ஒரு வரியை மாற்றும் துணிவு எனக்கு இல்லை. மாற்றத் தகுந்தவர்கள் உலகில் சிலரே இருப்பார்கள். சிக்கல் முழுதும் ஒரே கோப்புக்குள் குவிக்கப்பட்டு, வெளியே உள்ள ஆயிரக்கணக்கான அழைப்புகளுக்கு எளிமை வாங்கப்பட்டிருக்கிறது. அந்தப் பேரம் சரியென்றே நான் கருதுகிறேன்.

செய்தி பஃபரில் பத்திரமாக விழுந்தாலும், சீரியல் கேபிளில் வெளிவருவது வேறு கதை. நொடிக்கு 115200 பிட் என்ற வழக்கமான வேகத்தில், எழுத்துக்கு 10 பிட் என்று கொண்டால், நொடிக்கு 11520 எழுத்துகளே போகும். 80 எழுத்து வரி ஒன்றுக்கு ஏறத்தாழ 7 மில்லிநொடி. 128 கிலோபைட் நிறைந்த பஃபர் முழுதும் வெளியேற 11 நொடிக்கு மேல். ஒரு செயலி இன்டரப்டுகளை அடைத்துக்கொண்டு 10 நொடி நின்றால் அதை முடக்கம் என்று வாட்ச்டாக் அறிவிக்கும். செமஃபோரைப் பிடித்தவரே எல்லார் செய்தியையும் அச்சிட வேண்டும் என்ற பழைய ஏற்பாட்டில், துரதிர்ஷ்டம் பிடித்த ஒரு செயலி பிறருடைய செய்திகளைச் சுமந்தே முடங்கிப்போகும். 2018இல் 4.16 வெளியீட்டில் ஸ்டீவன் ரோஸ்டெட் கொண்டுவந்த மாற்றம், அடுத்துச் செய்தியுடன் வருபவரிடம் சுமையைக் கைமாற்ற வழி செய்தது. நல்ல மருந்து, ஆனால் நோயின் வேர் அங்கேயே இருந்தது.

வேரைத் தொட்ட முதல் முயற்சி, கன்சோலுக்கு ஒரு கெர்னல் திரெட் (தனியே ஓடும் வேலை இழை) வைத்து அச்சிடுவது. அது 5.19க்காகச் சேர்க்கப்பட்டு, வெளியீட்டுக்கு முன்பே, 2022 ஜூனில், திரும்பப் பெறப்பட்டது. திரெட்டை நம்பியிருக்கும்போது கணினி திடீரென நிறுத்தப்பட்டாலோ வீழ்ந்தாலோ கடைசி வரிகள் வெளிவராமலே போகக்கூடும் என்பது அப்போது தெளிவாயிற்று. சேர்த்ததை எடுக்கும் துணிவு எல்லாத் திட்டங்களிலும் இருப்பதில்லை. பராமரிப்பவர்களுக்கு அதற்காக என் நன்றி. அந்தப் பாடத்தின் விளைவே 6.12இல் முழுமை பெற்ற என்பிகான் என்ற புதிய வகைக் கன்சோல். ஒவ்வொரு கன்சோலுக்கும் தனி உரிமை. அந்த உரிமைக்கு இயல்பு, அவசரம், வீழ்ச்சி என்று மூன்று படிகள். இயல்பு நிலையில் திரெட் அச்சிடும். ஊப்ஸ் போன்ற அவசரத்தில், அழைத்த செயலியே உரிமையை முறைப்படிக் கேட்டு வாங்கி நேரடியாக அச்சிடும். கெர்னல் வீழும்போது, வேறு வழியில்லை என்றால், பாதுகாப்பற்றதென்று அறிந்தே உரிமையைப் பறித்துக்கொள்ளலாம். யார் யாரிடமிருந்து எப்போது வாங்கலாம் என்பது விதியாக எழுதப்பட்டிருப்பதால், பழைய ‘பூட்டை உடைத்துவிட்டுப் பார்ப்போம்’ என்ற மனநிலைக்கு இடமில்லை. குறித்த நேரத்துக்குள் பதில் தர வேண்டிய நிகழ்நேரக் கெர்னலுக்கான ப்ரீயெம்ப்ட் ஆர்டி முதன்மைக் கிளையில் சேர இருந்த கடைசிப் பெருந்தடை பிரிண்ட்கேதான். 2024 செப்டம்பரில் வியன்னாவில் தாமஸ் கிளைக்ஸ்னர் அந்தச் சேர்ப்புக் கோரிக்கையை லினஸ் டோர்வால்ட்ஸ் கையில் காகிதமாகவே அளித்தபோது, இருபது ஆண்டு உழைப்பு நிறைவடைந்தது.

மாற நினைப்பவர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 6.12க்கு மாறினாலே இந்த நன்மை தானாக வந்துவிடாது. கன்சோல் டிரைவரும் புதிய வகைக்கு மாற்றப்பட்டிருக்க வேண்டும்; பெரும்பாலான போர்டுகளில் இருக்கும் 8250 சீரியல் டிரைவருக்கான மாற்றம் 6.12 வந்த நாளில் முதன்மைக் கிளைக்கு வெளியே, நிகழ்நேரத் தொகுப்பில்தான் இருந்தது. பழைய வகை டிரைவருடன் சாதாரணக் கெர்னலை ஓட்டினால், அழைத்தவரே அச்சிடும் பழைய வழிதான். நிகழ்நேர அமைப்பைத் தேர்ந்தால், பழைய வகைக் கன்சோல்கள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே திரெட் வைக்கப்படுகிறது. செயல்களின் பட்டியலில் அது பிஆர்/லெகசி (pr/legacy) என்ற பெயரில் தெரியும், புதிய வகைக்கு மாறிய கன்சோலுக்கோ தன் பெயரிலேயே ஒரு திரெட் தெரியும். எது உங்கள் பெட்டியில் ஓடுகிறது என்று அறிய அந்தப் பட்டியலைப் பார்ப்பதே விரைவான வழி.

என் பரிந்துரை இதுதான். 5.4இலோ அதற்கு முந்தியதிலோ இன்னும் பெட்டிகளை வைத்திருப்பவர்கள், பதிவின் நேர வரிசையை நம்பிப் பிழை தேடுவதை இன்றே நிறுத்திவிட்டு, குறைந்தது 5.15க்கு வரவேண்டும். 5.10இல் இருப்பவர்களுக்கு வளையம் மட்டும் கிடைத்திருக்கிறது, பூட்டு நீங்கிய பயன் கிடைக்கவில்லை என்பதால், அதை இடைநிலையாகவே கருத வேண்டும். இன்டரப்ட் தாமதம் முக்கியமான இடங்களில் 6.12ஐ நிகழ்நேர அமைப்புடனும் மாற்றப்பட்ட டிரைவருடனும் சேர்த்தே எடுக்க வேண்டும். நான் அப்படி அமைத்த போர்டு ஒன்றில், சீரியலில் செய்திகள் வெள்ளமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சிஸ்ஆர்கியூ என்ற அவசரக் கட்டளை வழியாகக் கெர்னலை வேண்டுமென்றே வீழ்த்தினேன். திரெட் பாதியில் விட்ட வரி முறிந்தது. அடுத்த வரியில் கன்சோல் உரிமை கைமாறிய குறிப்பு. பிறகு வீழ்ச்சிச் செய்தி, செயலியின் பதிவேடுகள், அழைப்பு அடுக்கு, இறுதி வரி வரை ஒன்றுவிடாமல் கேபிளில் வந்து சேர்ந்தன.